அரியின் மலையில் அம்மாவின் பொருத்தனை

தம்பி சிறு வயதில் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, அவன் பிழைத்தால் இஸ்ரேலின் மலையூரான ஸஃபேத்தில், யூத மறைஞானி ரபி ஐசக் லூரியா என்னும் பரிசுத்த அரியின் கல்லறையில் விளக்கேற்றுவதாக அம்மா நேர்ந்துகொண்டார். தம்பி பிழைத்தான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அம்மாவுக்குத்தான் அந்த மலையேறக் கொடுத்துவைக்கவில்லை. கண்மூடுமுன் பொறுப்பை என்னிடம் விட்டுப் போனார். இந்த ஆண்டு யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 5ஆம் நாள், அரியின் நினைவு நாளிலேயே, அந்தக் கடனைத் தீர்க்க ஆண்டவர் அருள்செய்தார்.

மகளுக்குக் குழந்தை வரம் வேண்டும் என்ற என் சொந்த விண்ணப்பமும் நெஞ்சில் இருந்தது.

கோடை வெயிலில் கல்லறைச் சரிவில் இறங்குவதற்குள் முழங்கால் விட்டுப்போயிற்று. வழியெங்கும் காணிக்கை டப்பாக்களைக் குலுக்குகிறார்கள். ஒருவர் கேட்காமலே என் மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றைக் கட்டிவிட்டு, பணம் தராமல் நகர விடமாட்டேன் என்று மறித்தார். புண்ணிய இடத்தில் இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வருகிறதோ!

நீலம் பூசிய கல்லறையைப் பார்த்ததும் அந்த எரிச்சல் அடங்கியது. ஸஃபேத்தில் அரி வாழ்ந்தது ஏறக்குறைய 2 ஆண்டுகளே. 1572இல் கொள்ளைநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 38. அவர் வாய்மொழியாகச் சொன்னதைச் சீடர் ஹயிம் வித்தால் எழுதிவைத்திராவிட்டால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? பழைய மெழுகு உருகி அடைபோல் படிந்திருந்த இடத்தில் அம்மாவின் விளக்கை வைத்து, சங்கீதம் சொல்லி அழுதேன்.

பிற்பகல் ஜெபமான மின்ஹாவுக்கு, மேலே அரியின் பெயர் தாங்கிய ஜெப ஆலயத்துக்குப் போனேன். ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் மனத்தை ஒருமுகப்படுத்திக் காத்திருந்த பழைய பக்தர்களைப் பற்றி பண்டைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அங்கே மூச்சுவிடவே இடமில்லை. எனக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் ஜெப ஏட்டைத் திறக்காமலே விம்மிக்கொண்டிருந்தான். பிறனைத் தன்னைப்போல் நேசிக்கும் கட்டளையை ஏற்றுக்கொண்ட பின்பே ஜெபத்தைத் தொடங்கச் சொன்னவர் அரி. அவனைப் பார்த்தபடியே அதை ஏற்றேன்.

தெற்கே, எருசலேமை நோக்கி நின்றோம். நின்றபடி சொல்லும் அமீதா ஜெபத்துக்கு மூன்றடி பின்வாங்கி மூன்றடி முன்வர வேண்டுமே! நெரிசலில் குதிகாலோடு பெருவிரலை ஒட்டி ஒட்டித்தான் வைத்தேன். அதைக் கண்ட அந்த இளைஞன், விம்மலுக்கிடையிலும் சுவரோடு ஒடுங்கி எனக்கு இடம் விட்டான்.

"ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்." அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! ஜெபிக்க நிற்பவன் தன்னை ஒன்றுமில்லாதவனாக எண்ணி, தன் குறையை விட்டு, மனிதரிடையே தங்கும் இறைப்பிரசன்னமான ஷெகினாவின் துயருக்காகவே கேட்கட்டும் என்று யூத குரு மெஸெரிச் மகித் போதித்ததைப் பலமுறை படித்திருக்கிறேன். ஷெகினாவே அவன் வாயில் பேசுகிறாள் என்பார் அவர். அன்று உதடுகள் அசைந்தன, அசைத்தது நானில்லை. நோயாளிகளுக்கான ஆசீர்வாதத்தில் பெயரறியாத அந்த இளைஞனின் துயரம்தான் நின்றது. முழங்கால் வலியில்லை, கூட்டமில்லை, வேண்டுகிறவனும் இல்லை.

வெளியே வந்த பிறகுதான் மகளின் பெயரைச் சொல்லாதது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கேட்கத் தோன்றவில்லை. என் தம்பியைத் தந்தவருக்கு என் மகளைத் தெரியாதா? அம்மாவை நேர்ந்துகொள்ள வைத்து, அந்தக் கடனின் பெயரால் என்னையும் அங்கே கொண்டுபோய் நிறுத்திய என் ஆண்டவருக்கு, சாகும்வரை சொன்னாலும் நன்றி தீராது.