சவுத்டேல்: கார் நிறுத்துமிடத்தில் வீடு முளைத்த மால்

சவுத்டேலுக்குப் போக வேண்டும் என்று சொன்னதும் அக்கா மகள் சிரித்துவிட்டாள். "மினியாபொலிஸ் வர்றவங்க எல்லாரும் மால் ஆஃப் அமெரிக்காதான் கேப்பாங்க மாமா. அந்தப் பழைய மால்ல என்ன இருக்கு?"

அது பழையது என்பதால்தான் பார்க்க ஆசை. 1956 அக்டோபர் 8-ம் தேதி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸை ஒட்டிய ஈடைனா என்ற புறநகரில் திறந்தார்கள். முழுக்கக் கூரை போட்டு, உள்ளே தட்பவெப்பத்தைக் கட்டுப்படுத்திக் கட்டிய முதல் புறநகர் மால் என்று பெயர் வாங்கிய இடம். 2 கோடி டாலர் செலவு, 72 கடைகள், 5,200 கார் நிறுத்த இடம்.

நாங்கள் போனது பிப்ரவரியில். காரிலிருந்து இறங்கி வாசல் வரை நடப்பதற்குள் காது மரத்துவிட்டது. கூரை ஏன் போட்டார்கள் என்று அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வருஷம் முழுக்க 24 டிகிரி என்பதுதான் அன்றைய விளம்பரமே.

வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன் என்ற கட்டடக் கலைஞர். வியன்னாவில் பிறந்த யூதர், நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-ல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். அதுவரை புறநகர்க் கடைகள் வரிசையாகக் காரைப் பார்த்து நிற்கும். இவர் அதை உள்பக்கமாகத் திருப்பினார். வெளிச்சுவர் மொட்டையாக இருக்கும், கடைகள் எல்லாம் நடுவில் உள்ள பெரிய முற்றத்தைப் பார்த்திருக்கும். மாலைக் கட்டியது மினியாபொலிஸின் பெரிய கடைக்காரர்களான டேட்டன் குடும்பம். அவர்கள் தங்கள் போட்டிக் கடையான டொனால்ட்ஸன்ஸையும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். இரண்டு பெரிய கடைகளுக்கும் நடந்து போகிறவர்கள் இடையிலிருக்கும் சின்னக் கடைகளையும் எட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. இன்று வரை மால் கட்டுகிறவர்கள் போடும் கணக்கும் அதுதான்.

முற்றத்தில் அப்போது மீன் குளம், உயரமான பறவைக் கூண்டு, காபிக் கடை எல்லாம் இருந்தன. சிற்பி ஹாரி பெர்ட்டோயா செய்த உலோக மரங்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. தங்க நிறத்தில், மாடி தாண்டி உயர்ந்து, அழகாகவே இருக்கின்றன. திறந்த புதிதில் வந்து பார்த்த கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட், கிராமத்துத் தெருவின் கெட்டது எல்லாம் இந்த முற்றத்தில் இருக்கிறது, அதன் அழகு மட்டும் இல்லை என்று திட்டிவிட்டுப் போனாராம். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. நாங்கள் போன நேரத்தில் வயதானவர்கள் ஷூ போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குளிரில் வேறு எங்கே நடப்பார்கள்?

ஆனால் க்ரூயனின் ஆசை மால் மட்டும் இல்லை. அவர் கார்களை வெறுத்தவர். சுமார் 463 ஏக்கரில் மாலைச் சுற்றி அடுக்குமாடி வீடு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி என்று ஓர் ஊரையே வரைந்திருந்தார். மால் வந்ததும் சுற்றியிருந்த நிலத்தின் விலை ஏறியது, அவர் வரைந்த ஊர் காகிதத்தோடு நின்றது. 1965-ல் மருத்துவமனை மட்டும் வந்தது. மற்றபடி மாலைச் சுற்றி கார் நிறுத்துமிடம், அப்புறம் சாலை, அப்புறம் இன்னொரு கார் நிறுத்துமிடம். மனம் வெறுத்து வியன்னாவுக்கே திரும்பிய க்ரூயன், 1978-ல் இந்த மால்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, அவற்றுக்கு ஜீவனாம்சம் கொடுக்க முடியாது என்று கைகழுவினார். 1980-ல் இறந்துபோனார்.

1992-ல் பக்கத்து ப்ளூமிங்டனில், சவுத்டேலைவிடப் பெரிய மால் ஆஃப் அமெரிக்கா போட்டிக்கு வந்தது. டொனால்ட்ஸன்ஸ் பெயர் அதற்கு முன்பே போய்விட்டது. டேட்டன்ஸ் கடை மார்ஷல் ஃபீல்ட்ஸ் ஆகி, 2006-ல் மேஸிஸ் ஆனது. மாலிலிருந்த இன்னொரு பெரிய கடையான ஜேசி பென்னியும் 2017-ல் மூடியது.

வேடிக்கை இனிமேல்தான். பென்னி இருந்த இடத்தில் 2019 கடைசியில் லைஃப் டைம் என்ற பெரிய உடற்பயிற்சிக் கூடம் வந்தது. மேல்மாடியில் நீச்சல் குளம், உள்ளேயே வாடகைக்கு அலுவலக இடம். கார் நிறுத்துமிடத்தின் ஒரு பக்கத்தில் ஒரு ஹோட்டல். இன்னொரு மூலையில், யார்க் அவென்யூ ஓரம், அடுக்குமாடி வீடுகள். சாமான் வாங்க மட்டும் வருகிறவர்களை நம்பி மால் நடத்த முடியாது என்று தெரிந்த பிறகு, பக்கத்திலேயே ஆட்களைக் குடிவைக்கிறார்கள். க்ரூயன் கேட்டதும் இதைத்தான். அவர் கேட்டபோது கிடைக்கவில்லை, கடைகள் காலியானதும் கிடைத்தது.

அவர் திட்டம் நிறைவேறிவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் குடியிருப்பிலிருந்து மால் வாசல் வரை நடந்து பார்த்தேன். கூப்பிடு தூரம்தான், ஆனால் வழி நெடுகக் கார்களுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. பள்ளியும் இல்லை, ஏரியும் இல்லை. "இங்க வாடகை எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன். அக்கா மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு லோனே பரவாயில்லை மாமா" என்றாள்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: பெர்ட்டோயாவின் மரங்களைக் கீழிருந்து பார்ப்பதைவிட மேல்தளக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பாருங்கள். வேலைப்பாடு முழுக்கத் தெரியும். அதற்குக் காலையில் போவது நல்லது, கடைகள் சூடுபிடிப்பதற்கு முன்னால்.