வீமனின் கடி: ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு நாட்குறிப்பு

பெப்ரவரி 3

வீமன், ஊர்நாய்க் குட்டி, எட்டு மாதம். கடி (அரிப்பு) தாங்காமல் சொறிகிறான். நெல்லு மூட்டை நிறுக்கிற தொங்கு தராசில் உரப்பையைத் தொட்டிலாக்கித் தூக்கியதில் 11 கிலோ. நிறை தெரியாமல் எந்த மருந்தையும் அளக்க முடியாது. அதனால் அதுதான் முதல் பதிவு.

அடுத்தது, எங்கே கடிக்கிறது என்பது. வாலடியிலும் பின்தொடையின் உள்பக்கத்திலும் மயிர் கொட்டித் தோல் சிவந்திருக்கிறது. முன்பல்லால் நறுக் நறுக்கென்று கொறிக்கிறான். முன்பாதங்களில் விரலிடுக்கை நக்கி நக்கி வெள்ளை மயிர் செம்பழுப்பாகிவிட்டது. காதோரமும் முழங்கையும் சுத்தம். இது நல்ல செய்தி. சொறிச் சிற்றுண்ணி என்றால் முதலில் அங்கேதான் பொருக்குக் கட்டும். காது மடலை மடித்து விளிம்போடு விளிம்பை விரலால் தேய்த்தால் அப்படிப்பட்ட நாய்க்குப் பின்னங்கால் தானாக உதறும். வீமனுக்கு உதறவில்லை. வீட்டு ஆட்களின் கையிலோ வயிற்றிலோ தடிப்பும் இல்லை.

இரவு 8 மணிக்குப் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து எண்ணியது: சொறிந்ததும் நக்கியதுமாக 14 தரம். இனி ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே பத்து நிமிடம். "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்ற கதையை நம்பி மருந்து மாற்றக் கூடாது.

பெப்ரவரி 4

தெள்ளு (இரத்தம் குடிக்கும் சிறு பூச்சி) இருக்கிறதா என்று பார்க்க, பேன் சீப்பால் வாலடியை வாரி, விழுந்த கறுப்புத் துணிக்கைகளை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டது. ஒரு நிமிடத்தில் ஒவ்வொன்றையும் சுற்றிச் செங்காவி வட்டம். வன்னியில் இந்தச் சோதனையில் ஒரு ஏமாற்று உண்டு: செம்மண்ணும் தாளைச் சிவப்பாக்கும். விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். மண் நெருடும், கரையாது. தெள்ளின் எச்சம் காய்ந்த இரத்தம் என்பதால் கரைந்து பரவும். இது பரவியது.

நாயின் உடம்பில் ஒரு தெள்ளும் பிடிபடவில்லை. அதனால் தெள்ளு இல்லை என்றாகிவிடாது. ஒவ்வாமை உள்ள நாய் கடித்து நக்கித் தெள்ளுகளை விழுங்கிவிடும். தெள்ளின் உமிழ்நீருக்கு ஒவ்வாத உடம்புக்கு நாலைந்து கடியே போதும்.

பெப்ரவரி 5

மிருக வைத்தியரிடம். மழுங்கிய பிளேட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டு, இலேசாக இரத்தம் கசியும்வரை மூன்று இடத்தில் சுரண்டினார். சிற்றுண்ணி இல்லை. பாத விரலிடுக்கில் செலோரேப்பை ஒட்டி எடுத்து, சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கச்சான் கோது வடிவில் ஊதாப் புள்ளிகள் நிறைய. மலசீசியா என்ற ஈஸ்ற் (ஒருவகைப் பூஞ்சை). பாதத்தில் அடிக்கும் புளித்த மணம் அதுதான்.

சுரண்டிப் பார்க்காமல் ஸ்ரெரொயிட் ஊசி போடச் சொல்லிக் கேட்பது இங்கே வழக்கம். அடுத்த நாளே கடி நிற்கும் என்பதால். ஒரு வயதுக்குள் உள்ள குட்டியில் டெமொடெக்ஸ் சிற்றுண்ணி ஒளிந்திருந்தால் அந்த ஊசி அதை உடம்பெல்லாம் பரப்பிவிடும். கண்ணைச் சுற்றியோ வாயோரத்திலோ கடியில்லாமல் வட்டமாக மயிர் கொட்டியிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெப்ரவரி 6

வைத்தியர் எழுதியபடி தெள்ளைக் கொல்லும் புளூரலானர் குளிசை, 10 முதல் 20 கிலோ வரைக்குரிய 500 மில்லிகிராம், சோற்றோடு. பன்னிரண்டு கிழமைக்கு வேலை செய்யும். வலிப்பு வந்த நாய் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டிலுள்ள மற்ற நாய்க்கும் பூனைக்கும் அதே நாளில் அதற்கதற்கு உரியது. நாயின் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் பூசினால் நடுக்கம் பிடித்துப் பூனை செத்துப் போகும்.

குளிசை பாதி வேலைதான். மிச்சம் நிலத்தில். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை இடும். அவை மயிரில் ஒட்டாமல் உருண்டு நாய் படுக்கிற இடத்தில் விழும். புழு வெளிச்சத்துக்குப் பயந்தது, வெயிலில் காய்ந்து சாகும். ஆகவே முற்றத்து நடுவை விட்டுவிடலாம். தேட வேண்டியது நிழல் மண்: விறாந்தைக்குக் கீழே வீமன் தோண்டிப் படுக்கிற குழி, ஆட்டுக் கொட்டிலின் ஓரம், நெல்லு மூட்டை அடுக்கியிருக்கும் மூலை. குழி மண்ணை நாலு விரல் ஆழம் வாரி வெட்டவெளியில் பரப்பியாயிற்று. கொட்டில் குப்பை எரிந்தது. படுக்கிற சாக்குகள் கொதிநீரில்; கிழமைக்கு ஒரு தரம் இதே வேலை.

பெப்ரவரி 8

குளிப்பு, பாதத்து ஈஸ்றுக்கு. 2 சதவீதக் குளோரெக்சிடினும் 2 சதவீத மைக்கொனசோலும் சேர்ந்த ஷாம்பூ, கிழமைக்கு இரண்டு தரம், மூன்று கிழமை. கேத்தலடியில் வெள்ளைப் படிவு விடுகிற நம் கிணற்றுத் தண்ணியில் நுரை குறைவு. நுரை காணாது என்று மேலும் மேலும் ஊற்றினால் போத்தல் இரண்டு குளிப்பில் முடியும். பிடித்து வைத்த மழைத் தண்ணி ஒரு வாளி இருந்தால் ஷாம்பூ மிச்சம். முதலில் வெறும் தண்ணியால் தோல்வரை நனைக்க வேண்டும். ஷாம்பூவைப் பாதத்திலும் வாலடியிலும் தொடங்கி, முதுகைக் கடைசியில் தேய்க்க வேண்டும்.

பிறகு பத்து நிமிடம் காத்திருப்பது. பெரும்பாலான வீடுகளில் பிழை விடுகிற இடம் இதுதான்: பூசிய கையோடு கழுவிவிடுவார்கள், மருந்துக்குக் கிருமியைத் தொடவே நேரமிராது. மணிக்கூட்டைப் பார்த்துக் கொண்டு, அந்தப் பத்து நிமிடமும் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தால் நாயும் ஓடாது. கழுவியபின் விரலிடுக்கைத் துவாயால் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈரம் நின்றால் ஈஸ்றுக்குக் கொண்டாட்டம்.

உடுப்புச் சவர்க்காரம் வேண்டாம். அது தோலின் எண்ணெயை உரித்துக் கடியைக் கூட்டும். வேப்பிலை அவித்த தண்ணி ஆறியபின் கடைசி அலசலுக்குப் பாதகமில்லை, ஷாம்பூவுக்குப் பதிலாகாது.

எண்ணிக்கை 12.

பெப்ரவரி 13

அயலில் ஒரு நாய்க்கு மோட்டார் சைக்கிளின் கழிவு ஒயிலைப் பூசியிருக்கிறார்கள். "சொறி செத்துப் போகும்" என்பது கதை. தோலில் ஊறுவது ஒரு பக்கம், நக்கி உள்ளே போவது மறுபக்கம். வாந்தியும் ஈரல் பாதிப்பும் வரலாம். அதைவிட மோசம் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டுவது. வாயால் வீணி ஊற்றி, கண்மணி ஊசிமுனையாகி, தசை துடிக்கத் தொடங்கினால் உடனே கையுறை போட்டுச் சவர்க்காரத் தண்ணியால் கழுவி, மருந்துப் போத்தலையும் எடுத்துக் கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். போத்தலைப் பார்த்தால்தான் எந்த மாற்று மருந்து என்று அவருக்குத் தெரியும்.

பெப்ரவரி 20

சீப்பில் இன்று மூன்று உயிருள்ள தெள்ளு. குளிசை வேலை செய்யவில்லை என்று எல்லாரும் கைவிடுகிற நாள் இது. அப்படியில்லை. கூட்டுப்புழுவின் கூடு பசைத்தன்மை உள்ளது. மணல் ஒட்டி, எந்த மருந்துக்கும் எட்டாமல் கிழமைக்கணக்கில் கிடக்கும். சூடும் மூச்சுக்காற்றும் காலடி அதிர்வும் பட்டால்தான் உடைத்துக் கொண்டு வரும். இவை புதிதாகப் பொரித்து ஏறியவை, சில மணித்தியாலத்தில் சாகும்.

ஆகவே நாயை வேறிடத்தில் கட்டி வைப்பது புத்தியில்லை. மருந்து குடித்த நாய் பழைய குழியிலும் கொட்டிலிலும் திரியட்டும். அதுதான் பொறி. இந்தக் குளிசை வேலை செய்யத் தெள்ளு கூட்டைவிட்டு வந்து கடிக்க வேண்டும். ஆகவே முழுக் குறைவுக்கு ஆறு, எட்டுக் கிழமை செல்லும். இடைக்காலத்தில் பின்தொடையைக் கடிக்காமல் இருக்கப் பழைய பெனியனை மாட்டி, வாலுக்குத் துளை வெட்டி, முதுகில் முடிச்சு.

மார்ச் 1

எண்ணிக்கை 6. வாலடியில் புது மயிர் ஊசிபோல முளைக்கிறது. செலோரேப்பில் ஈஸ்ற் ஒன்றிரண்டு மட்டும். ஆனால் பாதம் நக்குவது நிற்கவில்லை.

மார்ச் 3

பாதம் நக்குவது உணவு ஒவ்வாமையாலா என்று பார்க்க உணவுச் சோதனை தொடக்கம், எட்டுக் கிழமை. வீமன் இதுவரை கோழி, மீன், கருவாடு, மாட்டிறைச்சி, பாண், பால்மா எல்லாம் தின்றவன். தின்னாதது ஆடும் வற்றாளைக்கிழங்கும் (சர்க்கரைவள்ளி). நாளொன்றுக்கு எலும்பில்லாத ஆட்டிறைச்சி 250 கிராம், அவித்த வற்றாளை 450 கிராம், தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. வளரும் குட்டி என்பதால் வைத்தியர் அளந்து தந்த கல்சியம் குளிசை. வேறு ஒன்றும் இல்லை. ஆட்டிறைச்சி விற்கும் விலைக்கு இதை விரும்பிச் செய்ய முடியாது. ஆனால் இரத்தச் சோதனையால் உணவு ஒவ்வாமையை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. சுவையூட்டிய மெல்லும் குளிசைகளிலும் மாட்டு, பன்றிப் புரதம் இருக்கலாம். புளூரலானரை முன்பே கொடுத்ததன் இலாபம் இது.

மார்ச் 17

கல்யாண வீட்டு எச்சில் இலையில் கோழி. அடுத்த ஐந்து நாளும் எண்ணிக்கை அசையவில்லை.

ஏப்ரல் 28

எட்டுக் கிழமை முடிந்தது. எண்ணிக்கை 5. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியாயிற்று.

மே 12

திரும்பி இரண்டு கிழமை, எண்ணிக்கை 5, மாற்றமில்லை. உணவு இல்லை. தெள்ளும் இல்லை, சீப்பு சுத்தம், மே 1இல் அடுத்த குளிசையும் கொடுத்தாயிற்று. மிஞ்சியது சூழல் ஒவ்வாமை: புல், மகரந்தம், வைக்கோல் தூசி, வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி. அது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். பாதம், காது, கக்கம் என்று பிடிக்கும். மாறாது, அடக்கலாம்.

வயலால் வந்ததும் நாலு பாதத்தையும் கழுவி ஒற்றுதல். வைக்கோல் போரில் படுக்க விடாமை. கிழமைக்கு ஒரு குளிப்பு. வைத்தியர் சொன்னபடி ஒவ்வாமைக் குளிசை செற்றிரிசின் 10 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. மூக்கடைப்பு மருந்து கலந்த வகை நாய்க்கு ஆபத்து, பெட்டியை வாசித்துத்தான் வாங்க வேண்டும். செற்றிரிசின் எல்லா நாய்க்கும் கேட்காது.

மே 24

எண்ணிக்கை 3. நிறை 13 கிலோ. கடியை அடக்கும் ஒக்லசிற்றினிப் குளிசை 12 மாதத்துக்குக் குறைந்த நாய்க்கு இல்லை. ஜூனில் வீமனுக்கு வயது வரும். 13 கிலோவுக்கு 5.4 மில்லிகிராமில் ஒன்று, முதல் 14 நாள்வரை இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. சோளகக் காற்று தூசியைக் கிளப்பும்போது எண்ணிக்கை 7க்கு மேல் போனால் மட்டும்.