கிலோ பூவும் ஈர்க்குச்சியும்: 14 ரிசப்ஷன் மேசைகளை அலங்கரித்த கதை

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், தண்டையார்பேட்டையில் ஒரு மினி ஹாலில். மேடை அலங்காரம் மண்டப வாடகையிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் பெண்ணுக்கு வட்ட மேசைகள் வேண்டுமாம், ஒவ்வொன்றின் நடுவிலும் பூ வேண்டுமாம். டெகரேஷன்காரர் மேசைக்கு 650 ரூபாய் சொன்னார். 14 மேசைக்கு 9,100. அக்காவால் ஒதுக்க முடிந்தது 4,000. "நீயே பண்ணிடேன் சித்தி" என்று பந்து என் பக்கம் வந்தது. கொலு வைப்பது, ஆரத்தித் தட்டு செய்வது என்று கைவேலையில் கிடப்பவள்தான் நான். ஆனால் ஒரே மாதிரி 14 உருப்படி செய்ததில்லை.

மாடியில் பெரியவர்களுக்குப் பந்தி. அங்கே அலங்காரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. பேப்பர் ரோல் விரித்து, இலை போட்டு, டம்ளரும் தண்ணீர் பாட்டிலும் வைத்தால் மேசையில் விரல் வைக்கக்கூட இடம் இருக்காது. முன்பெல்லாம் பளபளவென்று பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போடுவார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் ஒன்று. ஆகவே பணம், யோசனை எல்லாம் கீழே பஃபே பக்கம் போடும் வட்ட மேசைகளுக்கே.

முதலில் துணி. வாடகை மேசையோடு வெள்ளைத் துணியைச் சாமியானாக்காரர் தருவார். தரை வரை தொங்கும், ஆனால் நடுவில் யார் வீட்டு சாம்பார் கறையோ இருக்கும். அதை மறைக்க மேலே ஒரு வண்ணத் துணி போதும். மேசை 4 அடி வட்டம், அதாவது 48 அங்குலம். 58 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியில் ஒன்றரை மீட்டர் வெட்டினால் கிட்டத்தட்ட சரிசதுரம் வந்துவிடும், ஒட்டுத் தையலே கிடையாது. சதுரத்தை வட்ட மேசையில் போட்டால் நாலு முனையும் ஒன்றரை அடி கீழே தொங்கும், ஓரங்கள் ஒரு சாண்கூட இறங்காது. வெள்ளைக்கு மேலே நாலு முக்கோணம் விழுந்த மாதிரி அழகாக இருக்கும். 36 பன்னாத் துணி மலிவுதான். ஆனால் இரண்டு துண்டை இணைக்க வேண்டும், நடுவில் தையல் கோடு தெரியும். வேண்டாம் என்று விட்டேன்.

பாரிமுனை கோடவுன் தெருவில் 21 மீட்டர் எடுத்தேன். மீட்டர் 60 ரூபாய், பாலியஸ்டர். மொத்தக் கடைகளில் வெட்டித் தராமல் ஒரு முழுத் தான் (சுருள்) எடுக்கச் சொல்வார்கள். கல்யாண மேசைக்கு என்று சொன்னதும் கடைக்காரர் தானிலிருந்து வெட்டிக் கொடுத்தார். நிறம் எடுப்பதில்தான் நேரம் போயிற்று. கடைக்குள் மஞ்சள் விளக்கு, எல்லாமே பட்டு மாதிரி ஜொலிக்கும். நம் ஹாலில் இருப்பது வெள்ளை எல்.ஈ.டி. துணியை வாசலுக்கு எடுத்து வந்து பார்த்தால், உள்ளே பிரமாதமாக இருந்த ரோஸ் வெளுத்துப் போய்த் தெரிந்தது. அரக்கு மட்டும் உள்ளேயும் வெளியேயும் அரக்காகவே நின்றது. சரி, அரக்கு. எங்கள் தெருவில் சேலைக்குப் பீகோ போடும் அக்கா, ஒரு துண்டுக்கு 20 ரூபாய்க்கு ஓரம் அடித்துக் கொடுத்தார். பீகோ போடாவிட்டால் முதல் கழுவலிலேயே நூல் பிரிந்துவிடும்.

அடுத்தது பூ. இங்கேதான் கணக்கு இடித்தது. ஓசூர்ப் பக்கத்து ரோஜாவை 20 கொண்ட கட்டாகக் கட்டி விற்பார்கள். முகூர்த்த நாளில் அந்தக் கட்டின் விலையைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டலாம். ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் அதே கதி. நீளக் காம்போடு வரும் எந்தப் பூவுக்கும், காம்புக்கும் சேர்த்துத்தான் காசு. அதோடு அந்தக் காம்பைச் செருகி வைக்கப் பச்சை ஸ்பாஞ்சு வேறு வாங்க வேண்டும். அது ஒரு தடவைதான், பிறகு குப்பை, மக்கவும் மக்காது.

இன்னொரு பக்கம், பூக்கடையில் சாக்குச் சாக்காகக் காம்பே இல்லாத சாமந்தி கிடக்கிறது. கோயம்பேடு சந்தை 1996இல் வந்த பிறகும் பாரிமுனை பத்ரியன் தெருப் பக்கம் பூ வியாபாரம் ஓயவில்லை, வடசென்னைக்காரர்களுக்கு அது பெரிய சௌகரியம். கோர்ப்பதற்கும் சாமிக்குப் போடுவதற்கும் கிலோவில் விற்கிற பூ அந்தச் சாமந்தி. காம்பு இல்லாததால்தான் மலிவு. அப்படியென்றால் காம்பை நாமே கொடுத்துவிட்டால்? பழைய தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, நாலு விரற்கடைத் துண்டுகளாக ஒடித்து, பூவின் அடியில் பச்சையாக இருக்கும் இடத்தில் குத்திப் பார்த்தேன். கச்சிதமாக நின்றது. தடித்த ஈர்க்கு பூவைப் பிளந்துவிடுகிறது, நுனிப் பக்கத்து மெல்லிய ஈர்க்குதான் சரி.

அதைச் செருகுவதற்கு வாழைமரம். கோயில்களில் வாழைப்பட்டையில் பூ குத்தி அலங்கரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான், மேசை அளவுக்குச் சின்னதாக. ஆடி மாதம் எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்ததும், வாசலில் கட்டிய வாழைமரத்தைக் கழற்றிப் போட்டார்கள். கேட்டு வாங்கி வந்து சோதனை போட்டேன்.

மரத்தை இரண்டு விரற்கடைக் கனத்தில் வெட்டினால், நடுவில் தூக்கும்போதே பட்டை பட்டையாகக் கழன்றுவிடுகிறது. நாலு அங்குலக் கனமாவது வேண்டும், சுற்றி ஒரு வாழைநார்க் கட்டும் வேண்டும். வெட்டு முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: வளைவு வளைவாகப் பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்குள்ளும் சின்னச் சின்ன அறைகள், அழுத்தினால் தண்ணீர் கசியும். அந்த ஈரம்தான் பூவைச் சுற்றிலும் குளிர்ச்சியாக வைக்கிறது. ஈர்க்கு வழியாகத் தண்ணீர் ஏறும் என்று யாரும் நினைக்க வேண்டாம், காய்ந்த குச்சி எதையும் உறிஞ்சித் தராது. மேலே அவ்வப்போது தண்ணீர் தெளிக்கத்தான் வேண்டும். வெட்டிய இடம் சீக்கிரமே பழுப்பாகிவிடும், பூவும் இலையும் அடர்த்தியாக மூடினால் தெரியாது.

கறைதான் ஆபத்து. வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது, வாடகைத் துணியில் பட்டால் அதற்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். துண்டுகளை வெட்டிச் செங்குத்தாக ஒரு ராத்திரி வடியவிட்டு, மறுநாள் அடியைத் துடைத்துவிட்டுப் பாக்குமட்டைத் தட்டில் வைத்தேன். அரக்குத் துணி மேல் மட்டையின் மண் நிறம் தனி எடுப்பு. 25 தட்டு 100 ரூபாய்க்குக் கிடைத்தது.

எந்தப் பூ தாங்கும் என்பதற்கும் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன். மல்லி விடிவதற்குள் சோர்ந்துவிட்டது. அரளி தொட்டால் உதிர்ந்தது. சாமந்தி மறுநாளும் நின்றது, பூவைத் திருப்பி அடி பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். கோழிக்கொண்டைக்குச் சாவே இல்லை. சம்பங்கி சாயங்காலத்தில் விரிந்து ஹாலையே தூக்கும், ஆனால் அதைச் சாப்பிடும் மேசையில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பிரியாணி வாசனைக்கும் சம்பங்கிக்கும் ஒருநாளும் ஒத்துவராது. அதை வாசலில் பன்னீர்ச் செம்பு, கற்கண்டு, சந்தனத்தோடு வைக்கும் வரவேற்பு மேசைக்குத் தள்ளிவிட்டேன்.

உயரம் ஒரு முழத்துக்குள். மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்து பார்த்தால் தெரியும், விரல் நுனிக்கு மேலே போகும் எதுவும் எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்கும். உயரமான கண்ணாடி ஜாடி போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மாமியார் வீட்டுக்காரர்களைப் பூவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துப் பேச வைக்கும்.

மெழுகுவத்தி வேண்டும் என்று பெண் பிடிவாதம் பிடித்தாள். ஏ.சி. இல்லாத ஹால். மேலே சீலிங் ஃபேன், மூலைக்கு மூலை பெடஸ்டல் ஃபேன். வீட்டிலேயே ஒரு மெழுகுவத்தியை ஃபேனுக்கு அடியில் ஏற்றிக் காட்டினேன். ஒரு பக்கமாக உருகி வழிந்து, இரண்டாவது தடவை ஏற்றுவதற்குள் அவளே "வேண்டாம் சித்தி" என்றாள். பதிலுக்குக் காசி செட்டித் தெருவில் பேட்டரி போட்ட மெல்லிய கம்பி விளக்கு, சரம் 40 ரூபாய். பழைய ஊறுகாய் பாட்டிலுக்குள் சுருட்டிப் போட்டால் கண்ணாடி வெளிச்சத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். 14 பாட்டிலும் அக்கம்பக்கத்து வீடுகள் உபயம்.

மேசைக்கு நம்பர் அட்டை வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஆண்டர்சன் தெருவில் அட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம் சொந்தக்காரர்கள் நம்பர் பார்த்தா உட்காருவார்கள்? ஃபேன் எங்கே என்று பார்த்துத்தான் உட்காருவார்கள். 

ரிசப்ஷன் அன்று பூவை மத்தியானத்துக்கு மேல் வாங்கினேன். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் என்பதால் விலை ஏறித்தான் இருந்தது, சாமந்தி கிலோ 240. மேசைக்கு 150 கிராம், நடுவில் கோழிக்கொண்டை ஒன்று, ஓரத்தில் நெட்டிலிங்க இலை சுற்றி. இரண்டரை கிலோவில் எல்லா மேசையும் முடிந்து, கொஞ்சம் மிஞ்சியது. அக்காவும் மாமாவின் தங்கையும் ஈர்க்கு குத்த, நான் செருக, பேச்சும் சிரிப்புமாக வேலை ஓடியது. ஈர்க்கின் அடிமுனை துண்டுக்கு வெளியே நீட்டாமல் பார்ப்பது முக்கியம், குழந்தைகள் பூவைப் பிடுங்காமல் விடமாட்டார்கள். பிடுங்கவும் செய்தார்கள். ஒரு மேசையில் சாப்பாடு முடிவதற்குள் பாதி மொட்டை. மிஞ்சிய பூ அதற்கு உதவியது.

ஃபேன் காற்றில் ஒரு துண்டும் அசையவில்லை, ஈர வாழைமரம் நல்ல கனம். சதுரத் துணியின் முனைகள்தான் பறந்தன. முனைக்கு ஒரு குண்டூசி வைத்து அடித்துணியோடு சேர்த்துக் குத்தியதும் அடங்கியது. அடுத்த தடவை முனையில் ஒரு சின்ன மடிப்பு தைத்து, உள்ளே கூழாங்கல் போடலாம் என்றிருக்கிறேன்.

செலவுக் கணக்கு: துணி 1,260, பீகோ 280, சாமந்தி 600, கோழிக்கொண்டையும் இலையும் 150, வாழைமரம் ஒன்று 200, தட்டு 100, விளக்கு 560, ஆட்டோ 250. மொத்தம் 3,400. மேசைக்கு 242 ரூபாய் சொச்சம். ஒரே மரத்தில் 14 துண்டும் வந்துவிட்டன, நுனிப் பக்கம் மெலிவதால் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மறுநாள் காலை நல்லதாக இருந்த எட்டுத் துண்டுகளை எடுத்து முகூர்த்த மேடையின் படிகளில் வரிசையாக வைத்தோம், அதற்குத் தனிச் செலவு இல்லை.

துணியும் விளக்கும் இப்போது என் பீரோவில். கொருக்குப்பேட்டையில் ஒரு வளைகாப்புக்கு ஆறு மேசை கேட்டிருக்கிறார்கள். அதற்குச் சாமந்திக்குப் பதிலாக வெற்றிலையைச் சுருட்டிக் குத்திப் பார்க்கப் போகிறேன். ஈர்க்கில் வெற்றிலை கிழியாமல் நிற்குமா என்று இந்த வாரம் சோதனை.