கீழாநெல்லி ஆய்வின் மறுபாதி

பத்து வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, ஆச்சி வாய்க்கால் கரைக்குப் போய் ஒரு கைப்பிடி கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்தார். அதை அம்மியில் மைபோல அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுத்தார். நாக்கின் அடியில் வெகுநேரம் தங்கிவிடும் கசப்பு அது. உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியத்தோடு மூன்று வாரம் கழிந்ததும் கண்ணிலிருந்த மஞ்சள் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்தச் செடியின் புகழுக்கு நானே கண்கண்ட சாட்சி.

அந்தச் சாட்சியம் செல்லாது என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சிறுவர்களுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி, அசுத்தமான நீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வருவது. அது அநேகமாகச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். ஆச்சி கொடுத்த உருண்டையைக் குடித்திருக்காவிட்டாலும் என் கண் அதே மாதத்தில் தெளிந்திருக்கும் என்றால், அந்த உருண்டைக்கு நான் எவ்வளவு கடன்பட்டவன் என்பதை என் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கிட வழியே இல்லை.

போன மாதம் என் அத்தை மகன், தனக்கு ஹெபடைடிஸ் பி என்னும் வேறொரு கல்லீரல் வைரஸ் இருப்பதாக ரத்தப் பரிசோதனையில் தெரியவந்ததும், "லான்செட் இதழே ஒப்புக்கொண்ட கீழாநெல்லி" என்ற வாட்ஸ்அப் செய்தியை எனக்கு அனுப்பி, "எத்தனை நாள் சாப்பிடணும் அத்தான்?" என்று கேட்டான். செய்தி பொய்யில்லை; லான்செட் பெயர்பெற்ற மருத்துவ ஆய்விதழ்தான். ஆனால் கதையின் முன்பாதி மட்டுமே அதில் இருந்தது.

அந்த முன்பாதி நமக்குப் பெருமை தரக்கூடியதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும், கீழாநெல்லியின் சாறும் கரிசலாங்கண்ணியின் சாறும் சோதனைக் குழாயில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைச் செயலிழக்கச் செய்கின்றனவா என்று ஆராய்ந்து 1982இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பர்க் இந்தச் செடியின்மேல் அக்கறை கொண்டார். பிலடெல்ஃபியாவில் அவருடைய குழு, இதே குடும்பத்து வைரஸ் தாக்கும் வுட்சக் என்னும் வட அமெரிக்க விலங்குகளில் சோதித்து 1987இல் முடிவுகளை வெளியிட்டது. 1988இல் லான்செட்டில் சென்னை ஆய்வு வந்தது. காயவைத்துப் பொடித்த செடி 30 நாள் கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில், வைரஸ் இருப்பதற்கு அடையாளமான அந்த மேற்பரப்புப் புரதம் காணாமற்போனது. பார்வைக்கு மருந்துபோலவே இருந்த வெறும் கேப்சூலை விழுங்கிய 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது.

என் பத்து வயதுக் கதையில் இல்லாத ஒன்று இந்த ஆய்வில் இருந்தது: அந்த 23 பேர். மருந்து இல்லாமலே என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்ல அவர்கள் இருந்தார்கள். ஆய்வாளர்களும் இதை முதற்கட்ட ஆய்வு என்றே குறிப்பிட்டு, மேலும் சோதிக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

மேலும் சோதிக்கவும் செய்தார்கள். 1990இல், அதே லான்செட்டில், நோய்க்குறி ஏதுமின்றி வைரஸைச் சுமந்திருந்த தாய்லாந்துக்காரர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்தும் அந்தப் புரதம் மறையவில்லை என்ற கட்டுரை வெளியானது. 1994இல் நியூசிலாந்திலிருந்தும் அதே பதில் வந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,326 பேரையும் தொகுத்து 2011இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டபோது, அவற்றில் ஒரே ஓர் ஆய்வு மட்டுமே செடியை மருந்தற்ற போலி மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்டிருந்தது. போலி மருந்தைவிடச் செடி மேலானது என்று நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்பதே அவர்களுடைய முடிவு. இவற்றில் ஒன்றுகூட எனக்கு வாட்ஸ்அப்பில் வந்ததில்லை.

ஏன் இப்படி மாறிப்போனது? நோயாளியின் பின்னணியை முதலில் பார்க்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் தாமாகவே வைரஸைத் துரத்திவிடுவார்கள். பிறப்பின்போது தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளிலோ ஏறத்தாழ அதே விகிதத்தினருக்கு அது நிலைத்துவிடும். அண்மையில் தொற்றியவர்கள் சிலர் நீண்டகாலம் சுமப்பவர்களாகக் கணக்கில் சேர்ந்துவிட்டால், எந்தப் பச்சிலைக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும்.

அடுத்தது செடி. தொடக்க ஆய்வுகள் இதன் தாவரவியல் பெயரை ஃபிலாந்தஸ் நிரூரி என்றே எழுதின; லான்செட் கட்டுரையிலோ அது ஃபிலாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் லத்தீனில் கசப்பு, பொருத்தமான பெயர்தான். பெயர்க் குழப்பம் தாவரவியலாளர்களோடு நிற்கவில்லை. தென்னிந்திய மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்கப்படுவதை மரபணுக் குறியீட்டைக் கொண்டு சோதித்தபோது, ஏறத்தாழ கால்வாசிக் கடைகளில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு செடிகள் இருந்தது தெரியவந்தது. செடி எதுவென்றே உறுதியாகாதபோது, சென்னையின் முடிவையும் வேறோர் ஊரின் முடிவையும் எப்படி ஒப்பிடுவது? மண், பருவம், காய்ச்சும் முறை எல்லாம் அதற்கப்புறம்தான். ஆச்சி கொடுத்தது பச்சைச் செடி, ஆய்வில் கொடுத்தது காய்ந்த பொடி என்பதும் சிறிய வேறுபாடு அல்ல.

அதனால் கீழாநெல்லி வெறும் களை என்று நான் சொல்லவரவில்லை. அதன் சாறு கல்லீரல் செல்களில் வைரஸ் பெருகுவதை ஆய்வுக்கூட அளவில் குறைத்ததாக 1990களிலும் ஆய்வுகள் வந்தன. அந்த வாசல் இன்னும் மூடப்படவில்லை. ஆனால் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற, இந்த வைரஸை அடக்கப் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட மாத்திரைகள் கையில் இருக்கும்போது, பாதிக் கதையை நம்பி ஒருவன் தன் கல்லீரலைப் பணயம் வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இதையெல்லாம் அத்தை மகனிடம் தொலைபேசியில் சொல்லி, கல்லீரல் மருத்துவரைப் பார்த்து வைரஸ் அளவுக்கான சோதனை எடுக்கச் சொன்னேன். போனான். மறுவாரம் வீட்டுக்கு வந்தபோது, சந்தையில் வாங்கிய ஒரு கட்டுக் கீழாநெல்லியையும் தயங்கித் தயங்கி மேசைமேல் வைத்தான். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு கிளையாகத் திருப்பி, இலைகளுக்கு அடியில் வரிசையாக இருந்த கடுகளவுக் காய்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கியது. நான்கு செடிகளில் மட்டும் தண்டு சிவந்து, சொரசொரப்பான காய்கள் காம்பில்லாமல் கிளையோடு ஒட்டியிருந்தன. "இதுவும் கீழாநெல்லிதானே அத்தான்?" என்றான். நான்கையும் தனியே எடுத்து வைத்தேன்.