அமெரிக்க இலக்கிய வகுப்புக்கு நோட்ஸ் எங்கே வாங்கலாம்?

திருகோணமலை உவர்மலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளில் அவ்வப்போது யாராவது அமெரிக்காவுக்குப் பயணமாகிவிடுகிறார்கள். தகப்பனோ மாமாவோ முன்பே அங்கே போயிருப்பார். விசா கிடைத்துவிட்டது என்ற செய்தியோடு வரும் தாய்மார் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், அங்கே அமெரிக்க இலக்கியம் என்று ஒரு பாடம் இருக்கிறதாமே, நோட்ஸ் எங்கே வாங்கலாம்?"

நோட்ஸ் தேவையில்லை என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. எதையோ ஒளிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். நியூ ஜேர்சியில் இருக்கும் என் அக்காவின் மகள் அந்த வகுப்பைப் படித்தபோது, அவள் வாசித்தவற்றை நானும் இங்கிருந்து வாசித்தேன். அவள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு அழைக்கும் நேரத்தில் எனக்கு இங்கே விடிந்திருக்கும். "சின்னம்மா, இந்த மனிதன் ஏன் இப்படிச் செய்கிறான்?" என்றுதான் பேச்சே தொடங்கும்.

அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான ஒரே பாடத்திட்டம் கிடையாது. எந்தப் புத்தகம் என்பதை மாநிலமும் கல்வி மாவட்டமும் பள்ளியும் ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் 11ஆம் வகுப்பில் இந்தப் பாடம் வரும். பூர்வகுடிகளின் வாய்மொழிக் கதைகளில் தொடங்கிக் காலவரிசைப்படி நகர்வது வழக்கம். ஆகவே முழுப்பட்டியலும் தாருங்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும் ஒன்று உண்டு. அந்த வகுப்பில் புத்தகங்கள் ஒன்றோடொன்று வாதாடிக்கொண்டே இருக்கும். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனிடமே அடிமைகள் இருந்தார்கள். அடிமையாகப் பிறந்து தப்பியோடிய ஃபிரெடெரிக் டக்ளஸ் 1852இல் மேடையேறி, உங்கள் ஜூலை நான்காம் திகதி ஓர் அடிமைக்கு என்ன அர்த்தம் தருகிறது என்று கேட்டார். தச்சனும் படகோட்டியும் தாயும் பாடும் அமெரிக்காவைத் தன் காதால் கேட்டதாகக் கவிஞர் விட்மன் எழுதினார். விருந்தாளி வந்தால் சமையலறைக்கு அனுப்பப்படும் கறுப்புச் சகோதரனும் பாடுகிறான் என்று 1926இல் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பதில் கொடுத்தார். நடுவர் தீர்ப்புச் சொல்லாத பட்டிமன்றம் போன்றது அது. யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதைப் பிடித்துவிட்டால் பாதிப் பாடம் கையில் வந்துவிடும்.

தொடக்கத்தில் வரும் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரிடம் நம் பிள்ளைகள் சலித்துப்போவார்கள். 1741இல் ஜொனதன் எட்வர்ட்ஸ் நிகழ்த்திய பிரசங்கத்தில், சிலந்தியை நெருப்புக்கு மேலே பிடித்திருப்பதுபோலக் கடவுள் உன்னை நரகத்துக்கு மேலே பிடித்திருக்கிறார் என்று வரும். இந்த மிரட்டலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று பெறாமகள் கேட்டாள். தொடர்பு இருக்கிறது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் அதே நியூ இங்கிலாந்துத் திருச்சபை மரபிலிருந்து வந்தவர்கள்தான். நம் பாட்டன்மார் சிலருக்கு ஆங்கிலம் கிடைத்த வழிகளில் அதுவும் ஒன்று.

தோரோவிடம் வரும்போது நம்மவர்களுக்குச் சொல்ல இன்னும் நிறைய இருக்கும். அவர் 1854இல் வெளியிட்ட 'வால்டன்' நூலில், காலையில் பகவத் கீதையின் தத்துவத்தில் தன் அறிவை நீராட்டுவதாக எழுதுகிறார். அவர் கரையில் குடியிருந்த வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டுகிறார்கள். மதராஸிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுபவர்கள் இனித் தன் கிணற்றிலிருந்து குடிப்பார்கள் என்கிறார். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பனிக்கட்டி உண்மையாகவே கப்பலில் சென்னைக்கு வந்தது. அதைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் இன்றும் மெரினா எதிரே நிற்கிறது. தோரோ வரி கட்ட மறுத்து ஓரிரவு சிறையில் இருந்தவர். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் காந்தி வாசித்தார். காந்தியின் வழி 1961இல் நம் திருகோணமலைக் கச்சேரி (அரசாங்க அலுவலகம்) வாசல் வரை வந்தது. சத்தியாக்கிரகிகள் அங்கே உட்கார்ந்தார்கள். இதை வகுப்பில் சொல் என்றேன். சொன்னாளாம். ஆசிரியர் அந்த ஆண்டைக் கரும்பலகையில் குறித்துக்கொண்டு, மேலே சொல்லச் சொன்னாராம்.

ஹோத்தோர்னின் 'ஸ்கார்லெட் லெட்டர்' வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வாசியுங்கள். என்னால் அதை இன்றும் ரசிக்க முடியவில்லை. மெல்வில்லின் 'மோபி டிக்' என்ற திமிங்கிலக் கதையைப் பல வகுப்புகளில் பகுதி பகுதியாகத்தான் தருவார்கள். நம் கடலில் அதே ஸ்பேர்ம் திமிங்கிலத்தைப் படகில் போய்ப் பார்த்த பிள்ளைக்கு அது போதாது. முழுவதையும் தேடி வாசிக்கலாம்.

இனி மதிப்பெண். வாயைத் திறக்காத பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் குறையும். பல வகுப்புகளில் வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கே புள்ளி உண்டு. ஆசிரியர் சொன்னதற்கு மறுப்புச் சொல்லலாம். புத்தகத்திலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் வரும் பச்சை விளக்கு நம்பிக்கையின் சின்னம் என்று பெறாமகள் எழுதிய வரிக்கு அருகே ஆசிரியர் எழுதியது ஒரே கேள்வி: "எந்தச் சொல் உனக்கு அதைச் சொன்னது?" இணையத்தில் கிடைக்கும் எல்லா நோட்ஸும் அந்த விளக்கைப் பற்றி அதையேதான் சொல்கின்றன. அவள் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்து, கேட்ஸ்பி இருட்டில் கையை நீட்டுகிறான், உடல் நடுங்குகிறது, விளக்கோ மிகச் சிறியதாகத் தொலைவில் இருக்கிறது என்பதையெல்லாம் எடுத்து, அது நம்பிக்கையா ஏக்கமா என்று எழுதினாள். மதிப்பெண் ஏறியது. எமிலி டிக்கின்சனின் ஒரு குட்டிக் கவிதையில் சொற்களுக்கு இடையே வரும் சிறு கோடுகளைப் பற்றியே ஒரு பாடவேளை முழுவதும் பேசினார்களாம். நம் ரியூசன் வகுப்பில் அந்த நேரத்தில் மூன்று கவிதைக்குக் குறிப்பு எழுதி முடித்துவிடுவோம்.

பிறருடைய வசனத்தை யாருடையது என்று சொல்லாமல் எழுதினால் அது அங்கே திருட்டு. வழிகாட்டிப் புத்தகப் பந்திகளை மனப்பாடம் செய்து இறக்கும் நம் பழக்கத்தைப் பெற்றோர் இங்கேயே நிறுத்தி அனுப்புங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் ஒன்று 200 தடவைக்கு மேல் வருகிறது. அச்சில் இருக்கிறதே என்று நம் பிள்ளை உரத்து வாசித்துவிடக் கூடாது. அருகில் இருக்கும் கறுப்பினச் சக மாணவருக்கு அது வெறும் பாடமல்ல. ஆசிரியர் முன்கூட்டியே விதி சொல்வார். கவனமாகக் கேட்க வேண்டும்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். புத்தகங்களைப் பெரும்பாலும் பள்ளியே இரவல் தரும். அதில் எழுத முடியாது, ஒட்டும் சிறு தாள்களில் குறிப்பெடுக்க வேண்டும். பழைய நூல்கள் புரொஜெக்ட் குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'கேட்ஸ்பி'யும் 2021இல் காப்புரிமை முடிந்து அங்கே வந்துவிட்டது. புறப்படும் முன் ஒன்றே ஒன்று வாசிக்க நேரம் இருந்தால் டக்ளஸ் 1845இல் எழுதிய தன் வரலாற்றை எடுங்கள். சிறிய புத்தகம், ஆங்கிலமும் தெளிவு. வாசிப்பு அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. தெருவில் வெள்ளைக்காரச் சிறுவர்களுக்குப் பாண் கொடுத்து எழுத்துக் கற்றார். அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு உவர்மலைக்கு வாருங்கள், பேசுவோம். நோட்ஸ் கேட்டு வர வேண்டாம்.