பட்டாவில் பதினோரு சென்டாகிப்போன ஒரு ஏக்கர்

பதினான்கு மாதங்கள், ஒன்பது முறை வட்டாட்சியர் அலுவலகம், மூன்று முறை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்று அலைந்த பிறகு, அரசின் இணையதளத்தில் என் தந்தையாரின் பட்டாவில் பரப்பு ஒருவழியாகச் சரியாகியிருக்கிறது. திருத்த வேண்டியிருந்தது இரண்டே இலக்கங்கள். 0-40.50 என்று இருக்க வேண்டிய ஹெக்டேர்-ஏர் கணக்கில் நான்கும் பூஜ்யமும் இடம் மாறி, 0-04.50 என்று பதிவாகியிருந்தது. ஒரு ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஒரு ஏர். நாற்பதரை ஏர் என்பது ஒரு ஏக்கர். நாலரை ஏர் என்பது சுமார் பதினோரு சென்ட். நாற்பது ஆண்டுகளாக உழுது வரும் நிலத்தில் ஏறக்குறைய தொண்ணூறு சென்டைக் காணவில்லை என்று கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கப் போன இடத்தில் தெரிய வந்தபோது, என் தந்தையார் வாய் பேசாமல் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆண்டுக் கடனும் கைக்கு வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்கேனும் சில மாதங்களாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு என்னுடையது. பட்டாவில் எது பிழையானாலும் பட்டா மாறுதல் விண்ணப்பத்தில் சேர்ந்துவிடும் என்று நினைத்து, இ-சேவை மையத்தில் அப்படியே பதிவு செய்துவிட்டேன். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, ஆதார் எல்லாம் இணைத்தேன். ஒன்றரை மாதம் கழித்து, ‘பட்டா ஏற்கெனவே மனுதாரர் பெயரில் உள்ளதால் நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர்கள் பார்வையில் அது சரியான பதில்தான். மாறுதல் என்பது உரிமையாளர் மாறும்போது செய்வது. உரிமையாளர் அப்படியே இருக்க, பெயரில் எழுத்தோ பரப்பில் எண்ணோ தவறாக ஏறியிருந்தால் அது திருத்தம். அலுவலகத்தில் அதற்குக் ‘கணினித் திருத்தம்’ என்று பெயர். இந்த ஒரு சொல்லை முதல் நாளிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒன்றரை மாதம் வீணாகியிருக்காது.

கிராம நிர்வாக அலுவலர் நல்லவர். பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்து, எங்கள் அனுபவத்தில் இருக்கும் நிலம் ஒரு ஏக்கர்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கணினியில் பரப்பை மாற்றும் அதிகாரம் தம்மிடம் இல்லை என்றும், வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அங்கேதான் உண்மையான அலைச்சல் தொடங்கியது. உரிய பிரிவில் இருந்த எழுத்தர் என் மனுவின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, “இது யுடிஆர் தப்பு சார், இங்க ஒண்ணும் பண்ண முடியாது, கலெக்டர் ஆபீஸ்ல டிஆர்ஓ கிட்டப் போங்க” என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டார். இணைத்திருந்த ஆவணங்களில் ஒன்றைக்கூட அவர் புரட்டவில்லை. (யுடிஆர் என்பது கிராம நிலக் கணக்குகளைப் புதுப்பித்த பழைய அரசுத் திட்டம்; டிஆர்ஓ என்பவர் மாவட்ட வருவாய் அலுவலர்.) நானும் எதிர்க்கேள்வி கேட்காமல், மறுநாளே தந்தையாரையும் அழைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் முதலில் கேட்ட கேள்வியே என்னைத் திணறடித்தது: யுடிஆர் அ-பதிவேட்டில், அதாவது கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேட்டில், என்ன பரப்பு இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. கையில் இருந்தது இணையத்தில் எடுத்த அ-பதிவேட்டு நகல், அதிலும் 0-04.50 என்றே இருந்தது. “கையால எழுதின பதிவேட்டோட சான்றிட்ட நகல் இல்லாம மனுவை வாங்கிப் பயனில்ல, தாலுகாவுல வாங்கிட்டு வாங்க தம்பி” என்று அவர் பொறுமையாகவே சொன்னார். அன்றைய நாள் அப்படியே போனது. வெயிலில் பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தபோது, “என் நிலத்துக்கு நானே சாட்சி தேட வேண்டியிருக்கே” என்று தந்தையார் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த அதிகாரி கேட்ட கேள்விதான் இந்த முழு வேலைக்கும் திறவுகோல் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் திட்டத்தில் கிராமக் கணக்குகள் அனைத்தும் புதுப்பிக்கப்பட்டு, ஏக்கர்-சென்ட் கணக்கு ஹெக்டேர்-ஏர் கணக்காக மாறி, அ-பதிவேடு புதிதாகக் கையால் எழுதப்பட்டது. அந்தப் பதிவேடுகளைப் பார்த்துப் பின்னாளில் கணினியில் ஏற்றினார்கள். அந்தத் தரவுதான் இன்று இணையதளத்தில் பட்டாவாக நமக்குத் தெரிகிறது. ஆகவே, பரப்பு தவறாக இருந்தால், அந்தத் தவறு யுடிஆர் பதிவேட்டிலேயே நுழைந்திருக்கலாம், அல்லது பதிவேடு சரியாக இருந்து கணினியில் ஏற்றும்போது நுழைந்திருக்கலாம். இரண்டுக்கும் வழி வேறு, பார்க்க வேண்டிய அலுவலர் வேறு, ஆகும் காலமும் வேறு. பதிவேடே தவறு என்றால் பழைய நிலப் பதிவேடுகள், மூலப் பத்திரங்கள், அனுபவ ஆதாரம் என்று நீண்ட விசாரணை நடக்கும். பதிவேடு சரி, கணினி தவறு என்றால் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும். இணையத்தில் கிடைக்கும் அ-பதிவேட்டு நகலை இதற்கு ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதுவும் பட்டாவும் ஒரே தரவிலிருந்து வருகின்றன; ஒன்றில் இருக்கும் பிழை மற்றொன்றிலும் அப்படியே இருக்கும்.

ஆனால் அந்தக் கைப்பதிவேட்டின் நகலை வாங்குவதே பெரும்பாடாயிற்று. பதிவறையில் தேட ஆள் இல்லை, பதிவேடு பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினேன். இடையில் பொறுமையிழந்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தேன். கூட்டத்தில் மனுவை வாங்கிப் பதிவு செய்து எண்ணும் கொடுத்தார்கள். அந்த மனு எங்கே போயிற்று என்றால், என்னைத் திருப்பியனுப்பிய அதே எழுத்தரின் மேசைக்குத்தான். ‘உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிக்குமாறு மனுதாரருக்குத் தெரிவிக்கப்பட்டு மனு முடிவு செய்யப்பட்டது’ என்று பதில் வந்தது. அந்த உரிய ஆவணத்தைத் தர வேண்டியவர்களே அவர்கள்தான் என்பதை எழுதிய பதிலில் எங்கும் காணோம். குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. ஆவணம் கையில் இல்லாமல் கொடுத்தால் மனு ‘முடிவு செய்யப்பட்ட’ கணக்கில் சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பூட்டைத் திறந்தது 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லைதான். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 6(1) பிரிவின் கீழ், அதே வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதலில் நான் எழுதிய வரைவில், ஏன் இப்படித் தவறாக ஏற்றினீர்கள், யார் பொறுப்பு, எப்போது திருத்துவீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தேன். ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளரான உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, அத்தனையையும் அடித்துவிடச் சொன்னார். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்க முடியும், விளக்கமும் நியாயமும் கேட்டால் ‘தகவல் வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள் என்றார். ஆகவே ஒரே ஒரு கோரிக்கை: இன்ன வருவாய்க் கிராமம், இன்ன புல எண், இன்ன உட்பிரிவு அடங்கிய யுடிஆர் அ-பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல். சான்றிட்ட நகல் பெறும் உரிமை, அச்சட்டம் ‘தகவல் அறியும் உரிமை’ என்பதற்குத் தரும் வரையறையிலேயே இருக்கிறது; அந்த வரையறையையே மேற்கோளாக மனுவில் எழுதிவிட்டேன். முப்பது நாள் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. மூன்று முறை நேரில் போய்க் கிடைக்காத பக்கம் தபாலில், முத்திரையும் கையொப்பமுமாக வீடு தேடி வந்தது.

அதில், நீல மையில், சிறிதும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் 0.40.5 என்று இருந்தது. யுடிஆர் தப்பு அல்ல. முதல் நாள் எழுத்தர் சொன்னது தவறு.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது; இது எல்லோருக்கும் பயன்படும். அ-பதிவேட்டில் பரப்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஹெக்டேருக்கான தீர்வை (நிலவரி) வீதமும் மொத்தத் தீர்வையும் இருக்கும். வீதத்தைப் பரப்பால் பெருக்கினால் மொத்தத் தீர்வை வர வேண்டும். எங்கள் கணினிப் பட்டாவில் பரப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தும், தீர்வை மட்டும் நாற்பதரை ஏருக்கு உரியதாகவே நின்றிருந்தது. அதாவது, பிழை பரப்புக் கட்டத்தில் மட்டும் நிகழ்ந்த தட்டச்சுப் பிழை என்பதற்குக் கணினிப் பட்டாவே சாட்சி. அதே போல, ஒரு புல எண்ணின் உட்பிரிவுகள் அனைத்தின் பரப்பையும் கூட்டினால் அந்தப் புலத்தின் மொத்தப் பரப்பு வர வேண்டும். எங்கள் புலத்தில் சரியாக 36 ஏர் குறைந்தது. 40.50-இலிருந்து 4.50-ஐக் கழித்தால் வருவதும் அதே 36. புலப்படத்தையும் இணைத்தேன், அதில் எங்கள் உட்பிரிவின் எல்லை அளவுகள் பதினோரு சென்டுக்குள் எவ்விதத்திலும் அடங்காதவை.

இந்த முறை மனுவுக்கு ‘கணினித் திருத்தம் கோருதல்’ என்று தலைப்பிட்டு, முதல் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டம் போட்டு, கைப்பதிவேட்டில் உள்ளபடி, கணினியில் உள்ளபடி, திருத்த வேண்டியபடி என்று மூன்று பத்திகளில் எண்களை எழுதினேன். நீண்ட வரலாறு எதையும் எழுதவில்லை. அதே எழுத்தர்தான் வாங்கினார். கட்டத்தைப் பார்த்தார், சான்றிட்ட நகலைப் பார்த்தார், பேசாமல் முத்திரை குத்தி ஒப்புகை தந்தார். பத்து மாத அலைச்சலுக்கு நடுவில் எனக்குக் கிடைத்த முதல் மகிழ்ச்சி அந்த முத்திரைச் சத்தம்தான். ஒப்புகை இல்லாமல் எந்த மனுவையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நிராகரித்தாலும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக ‘முடியாது’ என்பதை எதிர்த்து எங்கும் போக முடியாது. வட்டாட்சியரின் ஆணை கையில் இருந்தால்தான் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக்கும், அதற்கும் மேலே 13-ஆம் பிரிவின்படி சீராய்வுக்கும் வழி இருக்கிறது.

வருவாய் ஆய்வாளர் விசாரணை இடையில் ஒரு மாதம் நின்றது. இருந்தவர் இடம் மாறிப்போக, புதிதாக வந்தவர் பக்கத்து நிலத்துக்காரர்களின் வாக்குமூலத்தை மறுபடியும் கேட்டார். அவர்களும் முகம் சுளிக்காமல் இரண்டாம் முறையாக வந்து கையெழுத்திட்டார்கள். நில அளவர் அறிக்கையும் பரிந்துரையும் சிக்கலின்றி முடிந்து, கோப்பு கோட்டாட்சியர் அலுவலகம் சென்று, ஆணையும் வந்தது.

ஆணை வந்த அன்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். இரவு அதை நிதானமாகப் படித்தபோதுதான், உட்பிரிவு எண் 3ஏ2 என்பதற்குப் பதில் 3ஏ1 என்று தட்டச்சாகியிருந்ததைக் கண்டேன். 3ஏ1 பக்கத்து நிலத்துக்காரருடையது. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், எங்கள் பிழை அப்படியே இருக்க, எங்களுக்காக இரண்டு முறை வந்து கையெழுத்திட்டவரின் பட்டாவில் புதிய பிழை ஏறியிருக்கும். நினைத்தாலே இன்றும் உடல் பதறுகிறது. மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்று, எழுத்தில் மனு கொடுத்து, பிழைதிருத்த ஆணை வாங்கி வர மேலும் மூன்று வாரங்கள் ஆயின. ஆணையைக் கையில் வாங்கியதும், அங்கேயே நின்று, புல எண், உட்பிரிவு, பட்டா எண், பரப்பு, பெயர், தந்தை பெயர் என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படியுங்கள்.

ஆணை வேறு, இணையத்தில் மாறுவது வேறு என்பதும் அதன் பிறகு தெரிந்துகொண்ட பாடம். ஆணை வந்து இருபது நாள் ஆகியும் இணையதளத்தில் 0-04.50 தான் இருந்தது. ஆணை நகலோடு இன்னொரு முறை போய்க் கேட்ட பிறகே கணினியில் ஏற்றினார்கள். சென்ற செவ்வாய்க்கிழமை இரவு தந்தையாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கைபேசியில் பட்டாவைத் திறந்து காட்டினேன். 0-40.50. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். அ-பதிவேட்டையும் தனியாகத் திறந்து பார்த்து, இரண்டையும் அச்செடுத்துப் பழைய கிரயப் பத்திரத்தோடு வைத்தோம்.

நிலத்தின் சாகுபடி விவரங்களை எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் மட்டும் இன்னும் பழைய பரப்பே இருக்கிறது. பயிர்க்கடனுக்கு அதுவும் வேண்டும் என்பதால், ஆணை நகலை இணைத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் நேற்று மனு கொடுத்திருக்கிறேன், ஒப்புகை வாங்கிவிட்டேன்.