மணிவண்டி வரும் நேரம்

ஜூன் 8, 2025, ஞாயிறு. யாங்கோன் (பழைய ரங்கூன்)

கோவில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் ஓடிய பிறகும் ஐந்து பேர் போகாமல் நின்றார்கள். இரண்டு பெண்கள் என்னிடம் அ, ஆ படித்தவர்கள். மற்ற மூவர் அவர்களுடைய நண்பர்கள்: ஒரு பர்மியப் பெண், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தமிழ் முஸ்லிம் பையன் ஒருவன், கணக்குப்பதிவு படிக்கும் இன்னொருவன். பெயர் எழுத மாட்டேன்; காலம் அப்படி. எந்தத் தெரு என்பதும் வேண்டாம். அனோரதா சாலைக்கும் மகாபந்தூலா சாலைக்கும் நடுவே என்றால் போதும்.

இளம் தலைவர்கள் பயிற்சி என்று ஏதோ ஒன்றில் சேர்ந்திருக்கிறார்கள். கடைசியில் ஊருக்கு உபயோகமாக ஒரு காரியம் செய்து காட்டினால்தான் சான்றிதழாம். "டீச்சர், வீடு வீடா ஏறணும். கூட ஒரு பெரியவங்க இருந்தாதான் கதவைத் திறப்பாங்க" என்றாள் மூத்தவள். ஆக, என் வேலை கதவு தட்டுவது. சரி என்றேன். ஐந்து பேருக்கு மேல் கூடினால் கேள்வி வரும் என்பது, ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரியிலிருந்து எல்லோருக்கும் பழகிவிட்டது. என்னையும் சேர்த்தால் ஆறு. அதனால் மூன்று மூன்று பேராகப் பிரிந்து நடப்பது என்று முதல் நாளே முடிவானது.

ஜூன் 11, புதன்

மருந்துக்கடைப் பையன் பயிற்சி நோட்டைக் காட்டினான். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம். ஆபத்து கட்டம் நிரம்பி ஓரமெல்லாம் எழுதியிருந்தான்.

என்ன செய்வது என்பதில் சண்டை. ஒருத்திக்கு நூலகம், ஒருவனுக்குச் சூரிய விளக்கு. பர்மியப் பெண்ணுக்குப் பின்சந்துச் சுவரில் ஓவியம் வரைய ஆசை. 2017 வாக்கில் 'தோ எயின்' அமைப்பு நகரத்தின் சில பின்சந்துகளைச் சுத்தம் செய்து, செடி வைத்து, சுவரில் படம் வரைந்தது அவள் மனதில் இருக்கிறது. அழகாகத்தான் இருந்தது, நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் சந்தில் முதலில் சுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே!

ஊருக்குப் புதியவர்களுக்காக: 1852 போருக்குப் பிறகு ஆங்கிலேயர் கோடு போட்டு வரைந்த நகரம் இது. வரைந்தவர்களில் ஒருவரான ஃப்ரேசரின் பெயர்தான் அனோரதா சாலைக்கு முன்பு இருந்தது. நேர்நேரான தெருக்கள், இரண்டு தெருவின் கட்டிடங்களும் முதுகு காட்டும் இடத்தில் ஓர் ஒடுக்கமான சந்து. அடுப்படி ஜன்னல் எல்லாம் அந்தப் பக்கம். ஆறு மாடி, எட்டு மாடி, பல கட்டிடங்களில் லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்து குப்பைப் பையைக் கீழே விட்டால் வேலை முடிந்தது. அதன் மேல் அடுத்த வீட்டுப் பை விழும்.

ஜூன் 15, ஞாயிறு

ஓவியம், நூலகம் எல்லாம் ஒதுங்கிவிட்டன. காரணம் டெங்கு. மழைக்காலம் தொடங்கிவிட்டது. மருந்துக்கடைப் பையன் சந்தின் வாயில் நின்று விளக்கினான்: சாக்கடையில் வளர்வது வேறு கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் தெளிந்த தண்ணீரைத் தேடும். தெர்மாகோல் பெட்டி, நூடுல்ஸ் கப், மடிந்து கிடக்கும் பை, எதில் மழைத்தண்ணீர் நின்றாலும் அதற்குப் போதும். முட்டையிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் கொசு. "அப்ப ஒரு தடவை சுத்தம் பண்ணிட்டுப் போட்டோ எடுத்துட்டுப் போனா பத்து நாளுதான் டீச்சர்" என்றான். நான்கு கட்டம் போட்டு யோசித்ததைவிட இது எனக்குப் பிடித்தது.

நூறு வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் இங்கே உண்டு. அந்த நூறு வீட்டுத் தலைவரிடம் போனோம். அரசியல் பேச்சு கூடாது, கொடி, சட்டை, பேனர் எதுவும் கூடாது, சாக்கு மூட்டை எத்தனை வேண்டுமானாலும் தூக்கலாம் என்றார்.

ஜூன் 21, சனி

இன்று முழுக்கப் படி ஏறினோம். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நாங்க போடுறதில்லை, மேல் வீட்டுக்காரங்க." மேலே போனால் அவர்களும் மேலே கை காட்டினார்கள். அதற்கும் மேலே மொட்டை மாடியும் புறாக்களும்தான்.

ஆறாவது மாடிப் பாட்டி ஒருத்திதான் ஒத்துக்கொண்டவள். இங்கேயே பிறந்த தமிழச்சி. 1960களில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது சொந்தமெல்லாம் கப்பலேறிவிட, இவர்கள் குடும்பம் நின்றுவிட்டது. "ஆமா, நான்தான் போடுறேன். குப்பையைத் தூக்கிட்டு ஆறு மாடி இறங்கி, திரும்ப ஏறிக் காட்டு. அப்புறம் பேசு" என்று மருந்துக்கடைப் பையன் கையில் பையைக் கொடுத்தாள். காலையில் குப்பை வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு வருவார். மணி கேட்டதும் இவன் ஓடினான். மூன்றாவது மாடியில் பை கசிந்து மீன் கழுவின தண்ணீர் படியெல்லாம் ஒழுகியது. கீழே போய்ச் சேர்ந்தபோது வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. கீழ்வீட்டு அம்மா படியைக் கழுவச் சொல்லித் துடைப்பத்தை நீட்டினாள்.

பாட்டி பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பால்கனிக் கம்பியில் ஒரு நைலான் கயிறு. ரங்கூனில் எந்தத் தெருவிலும் அண்ணாந்தால் இது தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேலே சின்ன மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டி இழுப்பார், மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் கயிற்றைத் தூக்கிக்கொள்வார். கரண்ட் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். "பேப்பர் ஏறுது. குப்பை இறங்காதா?" என்றாள் பாட்டி.

பயிற்சியில் இதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

சந்து சுத்தம் செய்தோம். கம்பூட்ஸ், ரப்பர் கையுறை, சாக்கு. மேலடுக்கு இளகி வந்தது. அடியில் இருந்தது கறுத்து இறுகி, மண்வெட்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. எலிகள் பகலிலேயே அவசரம் இல்லாமல் நடந்தன. பாதி வேலையில் மேலேயிருந்து ஒரு பை வந்து கணக்குப்பதிவுப் பையனின் முதுகுக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது. பர்மிய மொழியிலும் தமிழிலும் கத்தினோம். ஜன்னல் மூடிக்கொண்டது.

மழை வலுத்ததும் டீக்கடையில் ஒதுங்கினோம். தலைவர் என்றால் யார் என்று பிள்ளைகளுக்குள் பேச்சு. பர்மியப் பெண் நடிகர் கியாவ் துவைச் சொன்னாள். 2001இல் இலவச இறுதிச்சடங்குச் சங்கத்தைத் தொடங்கி, பிரபல நடிகராக இருந்தும் ஏழைகளின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அந்த வண்டிகளை இந்த ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது. பணம் இல்லாமல் எத்தனை வீடுகளில் பிணம் காத்துக் கிடந்திருந்தால் அப்படி ஒரு யோசனை வந்திருக்கும்!

ஜூலை 5, சனி

கயிற்றுச் சோதனை. கிளிப் பேப்பர் எடைக்குத்தான் சரி. முதல் பை இரண்டாவது மாடி உயரத்தில் நழுவி டீக்கடை ஸ்டூல் மேல் விழுந்து உடைந்தது. நல்ல வேளை, ஸ்டூலில் ஆள் இல்லை. கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் இருவரும் துடைத்துவிட்டார்கள்.

மாற்றியது: கிளிப்புக்குப் பதில் இறைச்சிக் கடையில் தொங்குமே, அந்த வளைந்த இரும்புக் கொக்கி. காய்கறிக் கழிவை ராத்திரியே சல்லடையில் வடிய விடுவது. ஈரக் குப்பைக்கு இரட்டைப் பை. கொக்கியைக் கழற்ற வண்டிக்காரருக்கு நேரம் இல்லை என்றார், நியாயம்தான். எலித் தொல்லை குறைந்தால் சரி என்று டீக்கடைக்காரர் தன் கடைப் பையனைக் கொடுத்தார். மணி கேட்டதும் அவன் வந்து கழற்றி வண்டியில் போடுவான். அவனுக்கு மாதக் கூலி கட்டிடத்துக்காரர்கள் சேர்ந்து கொடுப்பது. இதைப் பேசி முடிக்க ஆன நேரத்தில் பின்சந்தை இரண்டு முறை கழுவியிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

கணக்குப்பதிவுப் பையன் பயிற்சிக்கும் வரவில்லை, சந்துக்கும் வரவில்லை. நாட்டை விட்டுப் போய்விட்டான். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அதாவது இளம் தலைவர்கள் என்று யாரைச் சொல்கிறோமோ, சரியாக அந்த வயது. கணக்கு நோட்டை மூத்தவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். யார் எவ்வளவு கொடுத்தார்கள், கொக்கி எந்தக் கடை, டீக்கடைப் பையனுக்கு எந்தத் தேதியில் கூலி, எல்லாம் பர்மிய மொழியில் தெளிவாக எழுதி, பின்பக்கம் அதையே தமிழிலும் எழுதியிருக்கிறான். என்னிடம் படிக்காத பையன். எழுத்துப்பிழை இருந்தது, திருத்தவில்லை.

ஜூலை 19, சனி

தியாகிகள் தினம். 1947இல் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானையும் உடனிருந்தவர்களையும் சுட்ட நேரமான காலை 10:37க்குச் சங்கு ஊதும். ஆங் சானோடு இறந்தவர்களில் அப்துல் ரசாக்கைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னேன். அமைச்சராவதற்கு முன்னால் மண்டலேயில் தேசியப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். படத்தில் பார்த்திருக்கிறார்கள், பள்ளி நடத்தியது தெரியாது.

மதியம் பின்சந்தைப் போய்ப் பார்த்தோம். புதுப் பைகள் இருக்கின்றன. ஆனால் எண்ணிவிடலாம் போல இருக்கின்றன. கயிற்றுக்கு மாறாத வீடுகள் எவை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே சண்டை கூடியிருக்கிறது. இதை நான் எதிர்பார்த்தேன். பிள்ளைகள்தான் கலங்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கோவிலில் கூழ். பிளாஸ்டிக் கப் வாங்க வேண்டாம், வீட்டிலிருந்து சொம்பு கொண்டுவரச் சொல்லுங்கள் என்று மூத்தவள் கோவில்காரர்களிடம் வாதாடி ஜெயித்தாள். பாதிப் பேர் மறந்து வந்து கோபப்பட்டார்கள்.

பயிற்சிக்காரர்களுக்கு அறிக்கை அனுப்பியாகிவிட்டது. முன்னும் பின்னுமாக இரண்டு படம் கேட்டிருக்கிறார்கள். கூழ் வரிசையிலேயே பக்கத்துக் கட்டிடத்துக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர்களுக்கும் கயிறு வேண்டுமாம், ஆனால் கூலிப் பணத்தில் கீழ் இரண்டு மாடிக்காரர்கள் பங்கு தர மாட்டார்களாம். "நாங்க நடந்தே போய்ப் போடுவோம், எதுக்குக் காசு?" என்கிறார்கள். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசலாம் என்கிறாள் மூத்தவள். பாட்டி ஆறு மாடி இறங்க வேண்டுமே என்றேன். வெள்ளிக்கிழமை எப்படியும் கோவிலுக்கு இறங்குவாள், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்றாள்.